வீட்டில் ஐந்து குழந்தைகளோடு ஒரு விளையாட்டுக் குழு: புதிதாகத் தொடங்குவோருக்கு

என் மகளுக்கு மூன்று வயது முடிந்த சமயம், மதுரையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் அவள் வயதை ஒட்டி இன்னும் நான்கு குழந்தைகள் இருந்தார்கள். சாயங்காலம் ஆனால் ஐந்து பேரும் ஆளுக்கொரு வீட்டில் செல்போனும் கையுமாக இருப்பார்கள். வாரத்தில் மூன்று நாள் இவர்களை எங்கள் வீட்டில் கூட்டி, தொட்டுப் பார்த்து, பிசைந்து, ஊற்றி, அடுக்கி விளையாட விடலாம் என்று ஆரம்பித்தேன்.

முதல் இரண்டு மாதம் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கிய பொம்மைகள் பத்தே நாளில் மூலைக்குப் போய்விட்டன. கீழ் வீட்டிலிருந்து சத்தம் என்று புகார் வந்தது. ஒரு குழந்தை புளியங்கொட்டையை மூக்கில் போட்டுக்கொண்டு, இரவில் காது மூக்கு தொண்டை மருத்துவரைத் தேடி அலைந்தோம். இப்போது குழு இரண்டாவது வருடமாக நிம்மதியாக நடக்கிறது. நீங்களும் இப்படி ஒன்று தொடங்க நினைத்தால், நான் பட்டதெல்லாம் நீங்களும் பட வேண்டியதில்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

1. நடத்தப் போவது குழுவா, பள்ளியா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அக்கம்பக்கத்துக் குழந்தைகள் நாலைந்து பேர், பெற்றோர் செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள், வாரத்தில் சில மணி நேரம் மட்டும் என்றால் அது ஒரு விளையாட்டுக் குழு. பலகை மாட்டி, கட்டணம் வாங்கி, தினமும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டால் அது மழலையர் பள்ளி. தமிழ்நாட்டில் அதற்கு அரசு அனுமதி வேண்டும். விளையாட்டுப் பள்ளிகளுக்கென்று 2015இலேயே தனி விதிமுறைகள் வந்துவிட்டன. கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அலைய வேண்டியிருக்கும். பள்ளிதான் உங்கள் எண்ணம் என்றால், இடத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மாவட்டக் கல்வி அலுவலகத்தில் போய் விசாரியுங்கள். முன்பணம் கொடுத்த பிறகு அந்தக் கட்டடத்துக்குச் சான்று கிடைக்காது என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்?

இந்தக் கட்டுரை முதல் வகைக்கு மட்டும். "இன்னும் ரெண்டு பிள்ளைகளைச் சேர்த்துக்கங்க, மாசம் ஆயிரம் தர்றோம்" என்று ஆள் வரும். அன்பாக மறுத்துவிடுங்கள். ஐந்தைத் தாண்டினால் ஒரு ஆளால் பார்க்க முடியாது. என் அனுபவத்தில் ஆறாவது குழந்தை வந்த நாளில்தான் அந்தப் புளியங்கொட்டை மூக்குக்குள் போனது.

2. வயது இடைவெளியைக் கவனியுங்கள்

மூன்று முதல் ஐந்து வயது வரை நல்லது. இரண்டு வயதுக் குழந்தை எதையும் வாயில் வைத்துத்தான் பார்க்கும். அது வந்தால் விதை, மணி, சின்னக் கல் எல்லாவற்றையும் தூக்கிவிட வேண்டும். பெரிய பிள்ளைகளின் விளையாட்டு அதோடு போயிற்று. தங்கச்சிப் பாப்பாவையும் சேர்த்து அனுப்பலாமா என்று கேட்டால், அவர்கள் வீட்டிலிருந்து ஒரு பெரியவர் கூடவே உட்கார வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

மூன்று வயதில் குழந்தைகள் பெரும்பாலும் சேர்ந்து விளையாட மாட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கு ஆள் தனியாக விளையாடுவார்கள். அது சண்டையும் இல்லை, கூச்சமும் இல்லை. அந்த வயதின் இயல்பு. அதனால் ஒரே ஒரு நல்ல பொருளை வைத்துப் "பங்கு போட்டுக்கங்க" என்பதைவிட, சாதாரணமான ஒரே மாதிரி டம்ளர் ஐந்து வைப்பது மேல். இது தெரிந்த பிறகு எங்கள் வீட்டில் அழுகை பாதியாகக் குறைந்தது.

3. பெற்றோரிடம் சம்மதத் தாள்களை முதலிலேயே வாங்கிவிடுங்கள்

தெரிந்தவர்கள்தானே என்று நான் எதையும் எழுதி வாங்கவில்லை. மருத்துவமனையில் போய் நின்று, "குழந்தைக்கு எந்த மருந்தாவது ஒவ்வாதா?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அதன் அம்மா பேருந்தில் இருந்தார், போன் எடுக்கவில்லை. அந்த இருபது நிமிடத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

ஆளுக்கு ஒரு ஏ4 தாள் போதும். அதில் இருக்க வேண்டியவை: குழந்தையின் பெயர், பிறந்த தேதி, வெவ்வேறு ஆட்களின் இரண்டு போன் எண்கள் (இரண்டும் அப்பா அம்மாவாக இருந்தால் மூன்றாவதாகத் தாத்தாவோ சித்தியோ), யார் யார் வந்தால் குழந்தையை அனுப்பலாம் என்ற பட்டியல், எந்த உணவும் மருந்தும் ஒவ்வாது, இளைப்பு, காய்ச்சலில் வலிப்பு வந்த வரலாறு உண்டா, அவசரமென்றால் பக்கத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சம்மதம், படம் எடுக்கலாமா, எடுத்தால் எங்கே பகிரலாம். கீழே கையெழுத்து, தேதி. தடுப்பூசி அட்டையின் நகலும் ஒன்று வாங்கி இணைத்து வையுங்கள். ஆதார் நகல் கேட்காதீர்கள். நமக்கு அது தேவையில்லை, பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பும் நமக்கு வேண்டாம்.

அடுத்து வீட்டுப் பக்கம். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் வாய்மொழியாகவாவது சொல்லிவிடுங்கள். அடுக்குமாடி என்றால் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு கடிதம்: எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை குழந்தைகள், கட்டணம் இல்லை. எங்கள் சங்கம் மாதம் ஒரு முறைதான் கூடும். அதனால் பதில் வர மூன்று வாரம் ஆனது. தொடங்க நினைக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். கீழ் வீட்டுக்குக் கடிதத்தோடு நேரிலும் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

4. இடத்தைத் தயார் செய்யுங்கள்

பத்துக்குப் பத்து அறை, இரண்டு கோரைப்பாய், பக்கத்தில் தண்ணீர் சிந்தினாலும் பரவாயில்லை என்கிற பால்கனியோ வராந்தாவோ. இவ்வளவு போதும். நாற்காலி மேசை வேண்டாம். பாய் விரித்தால் கீழ் வீட்டுக்குச் சத்தமும் குறையும்.

தொடங்கும் முன் ஒரு முறை நீங்கள் தரையில் முழங்காலிட்டு, குழந்தையின் உயரத்திலிருந்து அறை முழுவதும் பாருங்கள். நின்றுகொண்டு பார்க்கும்போது கண்ணில் படாத பிளக் பாயின்ட், கொசுவத்தித் திரவம், கட்டிலுக்கடியில் உருண்ட நாப்தலின் உருண்டை, திரைச்சீலைக் கயிறு எல்லாம் அப்போதுதான் தெரியும். பால்கனிக் கம்பியருகே ஏறி நிற்க வாகாக ஸ்டூலோ பூந்தொட்டியோ இருக்கக் கூடாது. குளியலறை வாளியில் தண்ணீர் நிற்கவே கூடாது. சின்னக் குழந்தைக்குச் சில அங்குலத் தண்ணீரும் ஆபத்து.

5. வாங்க வேண்டியது குறைவு: செலவுக் கணக்கு

அந்த ஆறாயிரம் ரூபாய் பொம்மைகள் ஏன் ஓரங்கட்டப்பட்டன என்று பிறகு யோசித்தேன். பொத்தானை அழுத்தினால் பாடும், விளக்கு எரியும். குழந்தைக்கு அதில் செய்ய ஒன்றுமில்லை, பார்க்கத்தான் முடியும். ஒரு கொட்டாங்குச்சி அப்படியில்லை. இன்று கரண்டி, நாளை தொப்பி, நாளன்றைக்குத் தராசுத் தட்டு. ஒரே பொருளைப் பல விதமாகப் பயன்படுத்த முடிந்தால் வாங்குங்கள். ஒரே வேலைதான் செய்யும் என்றால் கடையிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது முறை நான் செலவு செய்தது இது. உங்கள் ஊரில் விலை கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம்.

பிளாஸ்டிக் பேசின் 2: 260 ரூபாய்
கோரைப்பாய் 2: 700
மரச்செப்பு ஒரு செட்: 450
தடித்த கிரேயான் 2 பெட்டி: 240
மூடியுள்ள டப்பா 4: 320
வடிகட்டி, புனல்: 80
முதலுதவிப் பெட்டி: 350
மைதா, உப்பு, எண்ணெய் (முதல் மாதம்): 250

மொத்தம் 2,650. ஐந்து வீட்டுக்கும் பிரித்தால் ஆளுக்கு 530. அதற்குப் பிறகு மாதம் 150 வாங்குகிறோம். அரிசி மாவு, பேப்பர், கொறிக்கக் கொடுப்பது எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ஒரு நோட்டில் வரவு செலவு எழுதி, மாதக் கடைசியில் எல்லோருக்கும் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். காசு விஷயத்தில் மனஸ்தாபம் வந்தால் குழு அன்றோடு நின்றுவிடும்.

மற்றதெல்லாம் வீட்டிலேயே கிடைக்கும்: பழைய டம்ளர், இட்லித் தட்டு, கொட்டாங்குச்சி, ஒரு பக்கம் அச்சான தாள்கள், பழைய புடவை, பல்லாங்குழி, துணி கிளிப்புகள், செருப்பு வந்த அட்டைப்பெட்டி. பொம்மை கடையில்தான் வாங்குவீர்கள் என்றால் ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

6. ஆபத்தான பொருள்கள்: இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

முதலாவது, குன்றிமணி. சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும், பல்லாங்குழிக்கு என்று சிலர் கொடுப்பார்கள். அதன் பருப்பு கடுமையான விஷம். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அரளி விதையும் அப்படியே. வீட்டில் பழைய சம்படத்தில் குன்றிமணி இருந்தாலும் குழு தொடங்கும் முன்பே வெளியே போட்டுவிடுங்கள்.

அடுத்து, அளவு. டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக்குழாய்க்குள் போகிற எதுவும் மூன்று வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளையின் தொண்டையில் சிக்கலாம். மூன்றைத் தாண்டியவர்களுக்கு விதைகளைக் கொடுத்தாலும் எண்ணிக் கொடுங்கள், எண்ணி வாங்குங்கள். நான் இருபது கொடுத்தால் இருபதும் டப்பாவுக்குத் திரும்பிய பிறகுதான் அடுத்த விளையாட்டு. எண்ணி வாங்கும்போது பிள்ளைகளும் கூடவே எண்ணுகிறார்கள். மூக்கிலோ காதிலோ எதையாவது போட்டுக்கொண்டால் ஊக்கு, ஹேர்பின், பட்ஸ் விட்டு எடுக்கப் பார்க்காதீர்கள், உள்ளேதான் தள்ளுவோம். நேராக மருத்துவரிடம் போங்கள்.

பொத்தான் பேட்டரி போடும் எதையும் குழு நடக்கும் அறையில் வைக்காதீர்கள். விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

மணல் விளையாட்டுக்கு எம்-சாண்ட் வேண்டாம். கல்லை உடைத்த தூள் அது, நுண்தூசி கண்ணிலும் மூச்சிலும் போகும். சலித்துக் கழுவிய ஆற்று மணல் கிடைத்தால் சரி, இல்லையென்றால் மணலையே விட்டுவிடுங்கள். கடையில் விற்கும் கோலப்பொடியும் கல் மாவுதான். பிள்ளைகள் கைக்கு அரிசி மாவு கொடுங்கள்.

கொறிக்க முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பாப்கார்ன் வேண்டாம். திராட்சை என்றால் நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள். வாழைப்பழமும் இட்லியும் எந்நாளும் பத்திரம். சுவரில் 108, 1098 இரண்டையும் பெரிதாக எழுதி ஒட்டி வையுங்கள். பின்னது குழந்தைகள் உதவி எண்.

7. ஒன்றரை மணி நேரத்தைப் பிரிக்கும் விதம்

எங்கள் நேரம் திங்கள், புதன், வெள்ளி மாலை 4.30 முதல் 6 வரை. மத்தியானம் தூங்கி எழுந்த பிள்ளை நன்றாக விளையாடும். சித்திரை, வைகாசியில் மட்டும் காலை 8.30க்கு மாற்றிக்கொள்வோம், மதுரை வெயிலில் நாலரை மணிக்குப் பால்கனியில் கால் வைக்க முடியாது.

முதல் பத்து நிமிடம் வந்து சேர, அழுபவர்கள் அழுது முடிக்க. அடுத்த நாற்பது நிமிடம் அன்றைய விளையாட்டு. பிறகு கை கழுவி, தின்று, தண்ணீர் குடிக்கப் பதினைந்து நிமிடம். கடைசியில் ஓட்டம், நொண்டி, கண்ணாமூச்சி, கதை. முடிவில் எடுத்து வைக்கப் பத்து நிமிடத்தைக் கட்டாயம் ஒதுக்குங்கள். டப்பா மூடிகளைப் பொருத்துவதும் அவர்களுக்கு விளையாட்டுதான்.

எல்லோரும் செய்யும் தவறு, ஒரே நாளில் நாலைந்து விளையாட்டைத் திணிப்பது. நானும் ஒரு பட்டியல் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று ஓட்டினேன். ஒரு குழந்தை அப்போதுதான் ஆழ்ந்திருக்கும், நான் போய்ப் பிடுங்குவேன். ஒரு நாளைக்கு ஒன்று போதும். அதே விளையாட்டு இரண்டு வாரம் ஓடினாலும் நல்லது. முதல் நாள் தண்ணீரைக் கொட்டுவார்கள், நான்காவது நாள்தான் அளப்பார்கள்.

8. தொடங்குவதற்கு நான்கு விளையாட்டுகள்

தண்ணீர்: இரண்டு பேசினில் பாதியளவு தண்ணீர், ஆளுக்கு ஒரு டம்ளர், பொதுவாக வடிகட்டி, புனல், கொட்டாங்குச்சி. எதுவும் சொல்ல வேண்டாம். இரண்டாவது வாரம் ஒரு கூடையில் கரண்டி, இலை, கல், கார்க், உரிக்காத ஆரஞ்சு வையுங்கள். எது மிதக்கும், எது முங்கும் என்று முதலில் அவர்களே சொல்லட்டும். ஆரஞ்சு மிதக்கும். அதை உரித்துப் போட்டால் முங்கிவிடும்! தோலுக்குள் இருக்கும் காற்றுதான் காரணம். எங்கள் வீட்டில் ஒரு நாலரை வயதுப் பையன், உரித்த தோலை மறுபடி பழத்தைச் சுற்றி நூலால் கட்டிப் போட்டுப் பார்த்தான். நான் சொல்லிக் கொடுத்து அது வரவில்லை. நீங்கள் பேசின் பக்கத்தை விட்டு எழுந்திருக்கவே கூடாது. முடிந்ததும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

மாவு: மைதா இரண்டு கப், தூள் உப்பு ஒரு கப், எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, சூடான தண்ணீர் ஏறக்குறைய ஒரு கப், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நீங்கள் பிசையுங்கள். சூடு ஆறிய பிறகு பிள்ளைகளிடம் கொடுங்கள். மஞ்சள் தூள் போட்டால் மஞ்சள், பீட்ரூட் சாறு விட்டால் ரோஜா நிறம். மூடி போட்டு ஃபிரிஜ்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். கையில் புண் இருக்கும் பிள்ளைக்கும், மாவைத் தின்னும் பிள்ளைக்கும் உப்பில்லாத சப்பாத்தி மாவைத் தனியே கொடுங்கள். உருட்டுவது, கிள்ளுவது, திரிப்பது எல்லாம் நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போகும் விரல்களுக்கு வலு.

விதையும் குழியும்: மூன்று வயதுக்கு இட்லித் தட்டு. குழிக்கு ஒன்று என்று போட வேண்டும், அவ்வளவுதான். அது எளிதானதும் குழிக்கு இரண்டு. ஐந்து வயதில் பல்லாங்குழி; பதினான்கு குழியிலும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகிற ஆட்டம் மட்டும் போதும், வெற்றி தோல்வி வேண்டாம். "ஒன்று, இரண்டு" என்று வாய் சொல்வதும் கை போடுவதும் ஒன்றாகச் சேர்வதற்குச் சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் ஆகும். வாய் இருபதுக்குப் போயிருக்கும், கை பன்னிரண்டில் நிற்கும். திருத்தாதீர்கள். அடுத்த முறை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் போட்டால் போதும், பார்த்துப் பிடித்துக்கொள்வார்கள்.

கடை: எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஹேங்கரில் இரண்டு கொட்டாங்குச்சி கட்டினால் தராசு. செருப்புப் பெட்டி கல்லா. வெண்டைக்காய், தக்காளி, வெங்காயம் வீட்டிலிருந்து. காசுக்குப் பழைய பேருந்துச் சீட்டு. பக்கத்தில் ஒரு கத்தைத் தாளும் கிரேயானும் வைத்துவிடுங்கள், எதற்கென்று சொல்ல வேண்டாம். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் கிறுக்கிக் கிழித்து "இந்தாங்க பில்லு" என்று நீட்டுவார். அது வெறும் கிறுக்கல் என்று நினைத்துவிடாதீர்கள். எழுத்து என்றால் ஏதோ சொல்ல வந்தது என்று அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தாளைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள்.

9. நீங்கள் வாயைக் கொஞ்சம் கட்டிக்கொள்ள வேண்டும்

"இது என்ன கலர்? இது எத்தனை?" என்று ஓயாமல் கேட்டால் விளையாட்டு பரீட்சையாகிவிடும். அவர்கள் செய்வதை அப்படியே சொல்லுங்கள்: "பெரிய டம்ளர்ல ஊத்துறே." கேட்க வேண்டுமென்றால் "அடுத்து என்ன செய்யப் போறே?" என்று கேளுங்கள். "சூப்பர்" என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னால், அப்புறம் உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்வார்கள்.

சண்டை வந்தால் அடி விழாதவரை பத்து வினாடி பொறுத்திருங்கள். பாதிச் சண்டை தானே தீரும். கடி, கிள்ளு என்றால் உடனே நடுவில் போய்ப் பிரித்து, அடிபட்ட பிள்ளையை முதலில் கவனியுங்கள். அன்று நடந்ததை நேரத்தோடு நோட்டில் எழுதி, இரண்டு வீட்டுக்கும் அன்றே நீங்களே சொல்லிவிடுங்கள். பிள்ளை போய்ச் சொல்லி அவர்களுக்குத் தெரிந்தால் நம்பிக்கை போய்விடும்.

10. "எழுத எப்போம்மா சொல்லித் தருவே?"

இரண்டாவது மாதம் இந்தக் கேள்வி வரும். எங்களிடம் கேட்டது ஒரு பாட்டி. "தண்ணியும் மாவுமாவே இருக்கே, ஒரு அ ஆ கூட நோட்டுல காணோமே" என்றார். நான் பயந்துபோய், அடுத்த வாரமே நான்கு கோடு நோட்டு வாங்கி எழுத வைத்தேன். மூன்று பிள்ளைகள் வர மாட்டேன் என்று வீட்டில் அழுதார்கள். நோட்டை நிறுத்திவிட்டேன்.

நீங்கள் பயப்பட வேண்டாம். 2022இல் வந்த அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டமே மூன்று முதல் ஆறு வயதுக்குப் பாடப்புத்தகம் வேண்டாம் என்கிறது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் முன்பருவக் கல்விக்கான பாடத்திட்டத்துக்குப் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. முடிந்தால் பக்கத்து அங்கன்வாடிக்கு ஒரு நாள் காலையில் கேட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். பொருள்களை எப்படி மூலை மூலையாகப் பிரித்து வைக்கிறார்கள் என்று நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

ஆனால் காகிதத்தைக் காட்டிப் பெரியவர்களைச் சமாதானப்படுத்த முடியாது. அந்தப் பாட்டியை ஒரு நாள் கூப்பிட்டு, கடை விளையாட்டில் வாடிக்கையாளராக உட்கார வைத்தேன். பேத்தி அரைக் கிலோ வெண்டைக்காய் நிறுத்து, பில் போட்டு, மீதிச் சில்லறையும் எண்ணிக் கொடுத்தாள். "மூணு ரூபா குறையுது, ஆச்சி" என்று கணக்கும் கேட்டாள். அதற்குப் பிறகு அவர் நோட்டைப் பற்றிப் பேசவில்லை. வெள்ளிக்கிழமைகளில் தானே வந்து கதை சொல்கிறார். மாதம் ஒரு முறை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து உட்காரும்படி முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் இன்னொரு கை கிடைக்கும்.

11. விடுமுறையும் நோயும்

சளி ஒழுகினால், காய்ச்சல் விட்டு ஒரு நாள் முழுதாக ஆகாமல் இருந்தால், கண் சிவந்திருந்தால் அனுப்ப வேண்டாம் என்று சம்மதத் தாளிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புவது யாருக்கும் சங்கடம். கை, கால், வாயில் கொப்புளம் பார்த்தால் எல்லா வீட்டுக்கும் அன்றே தெரிவித்து, ஒரு வாரம் குழுவை நிறுத்திவிட்டு, செப்புச் சாமான்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காய வையுங்கள். பழைய மாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தொடங்க நல்ல மாதம் ஜூலை. ஜூனில் அண்ணன் அக்காவைப் பள்ளியில் சேர்க்கும் அலைச்சலில் எந்த வீட்டுக்கும் நேரம் இருக்காது. ஜூன் முதல் வாரமே சங்கத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டால், தாள்களைச் சேர்த்து, சாமான் வாங்கி முடிக்கும்போது ஜூலை முதல் திங்கள் வந்துவிடும். அன்றைக்குத் தண்ணீர் பேசினும் டம்ளரும் மட்டும் எடுத்து வையுங்கள். மாற்றுத் துணி ஒரு செட் கொடுத்தனுப்பச் சொல்ல மறக்காதீர்கள்.